களைச்செடியைத் தேட ட்ரோன்: கேமரா வாங்கும் முன் என்னென்ன யோசிக்க வேண்டும்?

#1 காட்டோரம்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மலைச்சரிவில் ஐந்து வருடமாக உண்ணிச்செடி பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். சரிவு மொத்தம் 100 ஹெக்டேர் இருக்கும். மேலோடு வெட்டிப் போட்டுவிட்டு வருவதில்லை. தரைக்குச் சற்றுக் கீழே வேரை அறுத்து, தூரோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறோம். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து கிளை வெடித்துவிடும். பெரிய தூர் என்றால் இரண்டு பேருக்கு அரைமணி நேரம் ஆகிறது.

பிரச்சினை வேலை அல்ல, இன்னும் எங்கே இருக்கிறது என்பதுதான். ஒரு பக்கம் முடித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு புதர் கறுப்பாகப் பழம் பழுத்து நிற்கிறது, குருவிகள் வந்து தின்றுவிட்டு ஊரெல்லாம் விதைத்துவிட்டுப் போகின்றன. ஒருவர் எங்களுக்கு ட்ரோன் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். சாதாரணக் கலர் கேமரா போதுமா, மல்டிஸ்பெக்ட்ரல் (கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் கேமரா) வேண்டுமா என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வான்கண்

கேமராவுக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம் காட்டோரம், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

20 மெகாபிக்சல், ஒரு அங்குல சென்சார் உள்ள கலர் கேமராவை 120 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறத்தாழ 3.3 செ.மீ. 60 மீட்டருக்கு இறக்கினால் 1.6 செ.மீ. உண்ணியின் ஒரு பூங்கொத்து இரண்டரை, மூன்று செ.மீ. அகலம்தான் இருக்கும். ஆக 120 மீட்டரில் அந்தக் கொத்து ஒரு பிக்சலுக்குள் கரைந்து, பக்கத்து இலையின் பச்சையோடு கலந்து, ஏதோ மங்கிய ஆரஞ்சாகத் தெரியும், இல்லையென்றால் தெரியவே தெரியாது. 60 மீட்டரில் இரண்டு பிக்சல். கொத்தைக் கொத்தாகவே பார்க்க வேண்டுமென்றால் 20 மீட்டருக்கு இறங்க வேண்டும், மரங்கள் நிற்கும் சரிவில் அந்த உயரத்தில் ஓட்டச் சொல்லி யாருக்கும் நான் ஆலோசனை தர மாட்டேன்.

இறங்க இறங்க வேலையும் ஏறும். படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்க முன்பின்னாக 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தக் கணக்கில் 120 மீட்டரில் உங்கள் 100 ஹெக்டேருக்குச் சுமார் 770 படம். 60 மீட்டரில் 3,100. உயரத்தைப் பாதியாக்கினால் படம் நான்கு மடங்கு. 60 மீட்டரில் ட்ரோன் ஓட வேண்டிய தூரம் 37 கிலோமீட்டர், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு பேட்டரி 20 நிமிடம் என்று வைத்தால் குறைந்தது ஏழு, திருப்பங்களையும் காற்றையும் சேர்த்தால் எட்டு பேட்டரி.

அப்புறம் இது சரிவு. நீங்கள் ஆப்பில் போடுகிற 60 மீட்டர் என்பது கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு. அடிவாரத்தில் நின்று கிளப்பினால், மேலே போகப் போக மலை ட்ரோனை நோக்கி ஏறி வரும். பிக்சல் அளவும் இடத்துக்கு இடம் மாறும், கடைசியில் மரத்தில் போய் முட்டும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறக்கும் வசதி இருக்கிற மாடலாகப் பாருங்கள், மர உயரத்தையும் மறக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள். கேமரா வகையைவிட இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

#3 விதைப்பை

வான்கண் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் முதல்: எந்த மாதத்தில் பறக்கிறீர்கள்?

பச்சைக்குள் பச்சையைத் தேடுவது மனிதக் கண்ணுக்கும் கஷ்டம், மென்பொருளுக்கும் கஷ்டம். அயல் செடி சுற்றியிருப்பவற்றிலிருந்து விலகி நிற்கும் சில வாரங்கள் வருடத்தில் எப்படியும் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் சாதாரணக் கேமராவே பாதி வேலையை முடித்துவிடும். மேற்கு அமெரிக்காவில் சீட்கிராஸ் என்ற புல் பரவிக் காட்டுத்தீயையே அடிக்கடி வர வைத்துவிட்டது. அது வசந்த காலத்தில் உள்ளூர்ப் புல்லுக்கு முன்பே பச்சையாகி, அவை பச்சையாக இருக்கும்போதே காய்ந்தும் போகும், அந்த இடைவெளியை வைத்துத்தான் அதை மேலிருந்து பிடிக்கிறார்கள். காக்கசஸ் மலையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ராட்சத ஹாக்வீடு இன்னும் சுலபம், அதன் வெள்ளைப் பூக்குடை ஒன்றே 80 செ.மீ. வரை விரியும், கோடையில் பூக்கும்போது வானிலிருந்து பார்த்தால் தட்டுத் தட்டாகத் தெரியும். அந்தச் செடியின் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துவிடும் என்பதால், கிட்டே போகாமல் எண்ண முடிவது அங்கே பெரிய உதவி. சில்வர் வாட்டில் மரங்கள் குளிர்காலக் கடைசியில் மஞ்சளாகப் பூத்து, மற்றதெல்லாம் மந்தமாக இருக்கும்போது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

உண்ணி இந்த விஷயத்தில் கஷ்டமான செடி. ஈரம் இருந்தால் வருடம் முழுக்கப் பூக்கும், பூவும் சின்னது, வான்கண் கணக்கே போட்டுக் காட்டிவிட்டார். மேல்மரங்கள் அடர்ந்த இடத்தில் அது அடியில் ஒளிந்திருக்கும், எந்தக் கேமரா வைத்தாலும் இலைக்கூரைக்குக் கீழே இருப்பது படத்தில் வராது. உங்கள் சரிவில் மரங்கள் இலையுதிர்ப்பவையா? அப்படியானால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மரங்கள் மொட்டையாகி, உண்ணி இன்னும் வாடாமல் பச்சையாக நிற்கும் சில வாரங்கள். வறட்சி முற்றினால் அதுவும் இலையைக் கொட்டிவிடும், அதற்கு முன்னால் பறந்துவிட வேண்டும். அந்த வாரங்கள் எப்போது வருகின்றன என்று இந்த வருடம் நடந்து பார்த்தே குறித்து வையுங்கள்.

#4 தரவுத்தச்சன்

நான் மாணவன், படங்களிலிருந்து செடி இனத்தைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் மென்பொருள், அதாவது டீப் லேர்னிங் மாதிரி ஒன்றில் வேலை செய்கிறேன். அக்கா, மல்டிஸ்பெக்ட்ரல் எடுத்தால் நல்லது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும், சிவப்பின் விளிம்பில் 680 முதல் 750 நானோமீட்டர் வரை இலையின் பிரதிபலிப்பு சடாரென்று ஏறுகிற பகுதியும் சேர்ந்து கிடைக்கும். நான் செய்த அந்த மென்பொருள் மாதிரி 96 சதவீதத் துல்லியத்தோடு களையைப் பிரிக்கிறது. படங்கள் எடுத்துக் கொடுத்தால் உங்களுக்கும் செய்து தருகிறேன்.

#5 நிலப்படம்

தம்பி தரவுத்தச்சன், உதவ முன்வந்ததற்கு முதலில் நன்றி, இதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த 96ஐ வைத்துப் பன்னிரண்டு பேர் கடப்பாரையோடு மலையேறப் போகிறார்கள், அதனால் கேட்டே ஆக வேண்டும்.

100 ஹெக்டேரில் 5 ஹெக்டேர்தான் களை என்று வைத்துக்கொள்வோம். "இங்கே களையே இல்லை" என்று ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தாலும் அது 95 சதவீதம் சரி. ஆகவே மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண் இங்கே எதையும் சொல்லாது. இரண்டு எண் தனித்தனியாக வேண்டும். வரைபடம் களை என்று காட்டிய இடங்களுக்கு நடந்து போனால் எத்தனையில் உண்மையாகவே களை இருக்கிறது என்பது ஒன்று. உண்மையில் களை நிற்கும் இடங்களில் எத்தனையை வரைபடம் பிடித்தது என்பது இன்னொன்று. முதல் எண் குறைந்தால் ஆட்களின் நடை வீண். இரண்டாவது குறைந்தால் விட்டுப்போன புதர் பழுத்து, மறுபடியும் விதை.

இன்னொரு கேள்வி. சோதனைக்கு வைத்த பிக்சல்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஒரே புதரின் பாதிப் பிக்சலைப் பயிற்சிக்கும் மீதிப் பாதியைச் சோதனைக்கும் வைத்திருந்தால், அது பார்த்த செடியையே திரும்பக் காட்டிக் கேட்ட மாதிரி. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும், மதிப்பெண் தானாக ஏறிவிடும். பயிற்சிக்கு ஒரு பள்ளத்தாக்கு, சோதனைக்கு இன்னொரு பள்ளத்தாக்கு என்று நிலத்தையே பிரித்துப் பாருங்கள். அதே மாதிரியை வேறு நாள், வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

மல்டிஸ்பெக்ட்ரலை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்டிவிஐ எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறேன். எவ்வளவு பச்சை, எவ்வளவு அடர்த்தி என்று அது சொல்லும், உண்ணியா உள்ளூர்ப் புதரா என்று அதற்குத் தெரியாது, இரண்டுமே செழிப்பாக இருந்தால் இரண்டும் ஒரே எண்தான். அந்தக் கேமராக்களின் பிக்சலும் கலர் கேமராவைவிடப் பெரியது. பறப்பதற்கு முன்னும் பின்னும், அன்றைய வெளிச்சத்தைக் கணக்கிட உதவும் அளவுத்தகட்டைப் படம் எடுத்தே ஆக வேண்டும். நடுவில் மேகம் வந்து நிழல் தட்டினால் அந்தப் பகுதியின் எண்களை மற்றதோடு ஒப்பிடவே முடியாது. முதல் வருடத்துக்குக் கலர் கேமரா, சரியான மாதம், நிறைய நடை. என் ஓட்டு இதற்குத்தான்.

#6 தரவுத்தச்சன்

> சோதனைக்கு வைத்த பிக்சல்களை எங்கிருந்து எடுத்தீர்கள்?

அதே வயலிலிருந்துதான் அண்ணா, கலைத்துப் பிரித்தேன். நேற்று இரவு நீங்கள் சொன்னபடி நிலத்தைப் பிரித்து மறுபடியும் ஓட்டினேன், களை வகுப்புக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் எண் நிறையவே இறங்குகிறது. முக்கியமாக நிழலில் இருக்கும் செடிகளை விட்டுவிடுகிறது. பேராசிரியரிடம் காட்டப் போகிறேன். காட்டோரம் அக்கா, நான் முன்பு சொன்ன எண்ணை இப்போதைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். உங்கள் சரிவிலேயே குறித்த புள்ளிகள் கிடைத்தால் அதில் புதிதாகப் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறேன்.

#7 காட்டோரம்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மரங்கள் இலையுதிர்ப்பவைதான் விதைப்பை, ஓடைக்கரையில் மட்டும் எப்போதும் பச்சை. தம்பி, எண்ணைத் திரும்பிச் சரிபார்த்துச் சொன்னதற்கு உங்களுக்குத் தனி நன்றி.

புள்ளி குறிப்பது என்றால் எப்படி? போனில் ஜிபிஎஸ் எடுத்தால் போதுமா?

#8 வேர்க்கால்

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்யாததால் எங்களுக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

எங்கள் பகுதிக்கு ஒரு குழு ட்ரோன் பறக்கவிட்டு வரைபடம் செய்து கொடுத்தது. அழகான வரைபடம், உண்ணி இருக்கும் இடமெல்லாம் சிவப்பு. நாங்கள் அதை அச்சடித்துக் கொண்டு, புதிதாக வந்த ஆட்களை அனுப்பிவிட்டோம். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது வரிசையாக வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கிளையைக் கையில் எடுத்தேன். உண்ணியின் தண்டு நாலு பட்டையாக இருக்கும், தடவினால் சிறு முள் உறுத்தும், இலையைக் கசக்கினால் அந்தக் காரநெடி விரலில் ஒட்டிக்கொள்ளும். என் கையில் இருந்தது உருண்டைத் தண்டு, வழவழவென்று இருந்தது, கசக்கினால் வெறும் புல் வாசம். உள்ளூர்ப் புதர். நாற்பது தூருக்கு மேல் போய்விட்டது, சிலதில் குருவிக்கூடுகூட இருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி உருண்டையான, ஒரே பச்சை நிறப் புதர்கள்தான்.

வரைபடம் செய்தவர்கள் தரையில் புள்ளி எடுத்திருந்தார்கள், ஆனால் உண்ணி நின்ற இடங்களில் மட்டும். உண்ணியைப் போலவே தோன்றும் செடிகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு புள்ளிகூடக் கிடையாது. மென்பொருள் மாதிரிக்கு அந்தப் புதரை யாருமே அறிமுகப்படுத்தவில்லை, பிறகு அதற்கு எப்படித் தெரியும்? அதனால் என் வேண்டுகோள், களைக்கு எத்தனை புள்ளி எடுக்கிறீர்களோ அதைவிட அதிகமாக மற்றச் செடிகளுக்கு எடுங்கள், குறிப்பாக உங்களையே ஒரு நொடி ஏமாற்றுகிற செடிகளுக்கு. செடியின் பெயர் தெரிந்த ஒருவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்யாமல் வரைபடத்தை நம்பி யாரும் வெட்ட வேண்டாம்.

போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம். படத்தில் பிக்சல் 2 செ.மீ., உங்கள் புள்ளி 5 மீட்டர் தள்ளி, அப்படியானால் நீங்கள் குறித்த உண்ணி படத்தில் பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்துவிடும். நாங்கள் இப்போது செய்வது இது: பறப்பதற்கு முந்தின நாள் தெரிந்த புதர்களுக்குப் பக்கத்தில் இரண்டடிச் சதுர வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, துணியில் ஒரு எண் எழுதிவிடுவோம். எண் பெரிதாக, தடித்த கோடாக இருக்க வேண்டும். படத்தில் துணி பளிச்சென்று தெரியும், அதற்கு வடக்கே ஒரு எட்டு வைத்தால் உண்ணி என்று நோட்டில் எழுதியிருப்போம். பறந்து முடித்ததும் துணியை மறக்காமல் எடுத்துவிடுவோம். ஆர்டிகே என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவி இருக்கிறவர்களுக்கு இந்தப் பாடு வேண்டாம், சில சென்டிமீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும்.

#9 விதைப்பை

வேர்க்கால், படிக்கவே மனம் கனத்துவிட்டது. இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

#10 குளத்துமேடு

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், எங்களுடையது ஆகாயத்தாமரை. தண்ணீரில் ட்ரோன் விடுபவர்கள் யாராவது இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள், நிலத்தில் படித்தது பலதும் தண்ணீரில் செல்லாது.

வெறும் தண்ணீர்ப்பரப்பின் படங்களை மென்பொருளால் ஒட்ட முடியாது, ஏனென்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பொதுவாகப் பிடித்துக்கொள்ள அசையாத புள்ளி எதுவும் இல்லை. அலை ஒவ்வொரு நொடியும் மாறும். எங்கள் முதல் வரைபடத்தில் நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது. இப்போது ஒவ்வொரு படத்திலும் கரையின் ஒரு துண்டாவது வருகிற மாதிரி பறக்கும் கோட்டை அமைக்கிறோம், அகலமான இடத்தில் மட்டும் உயரத்தைக் கூட்டுகிறோம். நிலத்தில் நண்பகல் நல்லது என்பார்கள், நிழல் குறையும். தண்ணீரில் நண்பகல் வேண்டவே வேண்டாம், சூரியன் கண்ணாடியாய்த் திரும்பி அடித்துப் படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். காலையில் சீக்கிரம், அல்லது ஒரே சீராக மேகம் மூடிய நாள்.

முக்கியமாக ஆகாயத்தாமரை மிதக்கும் செடி. நேற்று தெற்குக் கரையில் பாய் விரித்த மாதிரி இருந்தது, ராத்திரி காற்று திரும்பினால் காலையில் வடக்கே ஒதுங்கியிருக்கும். ஆகவே எங்கே இருக்கிறது என்பதைவிட மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதைத்தான் நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். சூடும் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிற செடி இது, மாதத்துக்கு ஒரு முறை பறந்தால் அதற்குள் கதை முடிந்துவிடும். ஒதுங்கி நிற்கும் சின்னச் சின்னக் கொத்துகளை, வாய்க்கால் வாய்களில் தங்குபவற்றைத் தேடத்தான் எங்களுக்கு ட்ரோன் உதவுகிறது. பெரிய பாயை யார் வேண்டுமானாலும் கரையிலிருந்தே பார்த்துவிடலாம்.

#11 நிலப்படம்

குளத்துமேடு, கடைசியில் நீங்கள் சொன்னதுதான் நிலத்துக்கும் பொருந்தும்.

1988இல் மூடி, மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பரவும் களையைக் கட்டுப்படுத்தப் பெரிய திட்டை அடிப்பதைவிட, தள்ளித் தள்ளி முளைத்திருக்கும் சின்னத் திட்டுகளை முதலில் அழிப்பது பலன் தரும் என்று கணக்கில் காட்டினார்கள். வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 10 ஹெக்டேர் வட்டமான ஒரே திட்டு, அதன் விளிம்பு சுமார் 1,120 மீட்டர். 100 சதுர மீட்டர் உள்ள நூறு சின்ன வட்டங்கள், மொத்தப் பரப்பு வெறும் 1 ஹெக்டேர், ஆனால் விளிம்புகளைக் கூட்டினால் 3,540 மீட்டருக்கு மேல். பரப்பில் பத்தில் ஒரு பங்கு, பரவும் விளிம்பிலோ மூன்று மடங்கு. களை முன்னேறுவது விளிம்பு வழியாகத்தானே.

காட்டோரம், சாட்டிலைட் படம் போதாதா என்று உங்களிடம் யாராவது கேட்பார்கள், அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. சென்டினல்-2 படங்கள் இலவசம், இரண்டு சாட்டிலைட் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை எடுக்கின்றன, ஆனால் அதன் மிகச் சின்னப் பிக்சலே 10 மீட்டருக்கு 10 மீட்டர். நான் சொன்ன 100 சதுர மீட்டர் திட்டு முழுசாக அதில் ஒரே ஒரு புள்ளி. இரண்டு மீட்டர்ப் புதர் தெரியவே தெரியாது. பெரிய திட்டு வருடாவருடம் விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்க்கவும், மரங்கள் எந்த வாரத்தில் இலையுதிர்க்கின்றன என்று கண்டுபிடிக்கவும் சாட்டிலைட்டை வையுங்கள். தள்ளி நிற்கும் புதிய புதர்களைத் தேட ட்ரோன். படத்தை ஒட்ட ஓப்பன்ட்ரோன்மேப், பார்த்துக் குறிக்க கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசம், கற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடிக்கும், எங்கே மாட்டினாலும் இங்கே கேளுங்கள்.

அதனால் 100 ஹெக்டேரையும் 60 மீட்டரில் பறக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. நீங்கள் ஏற்கெனவே பிடுங்கி முடித்த இடத்தையும், இன்னும் களை ஏறாத நல்ல பகுதியையும், நடுவில் ஓடும் ஓடையையும் பறந்தால் போதும். அடர்ந்த உண்ணிக்காட்டுக்கு மேலே பறந்து அடர்ந்த உண்ணிக்காடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

#12 கூடுதேடி

பறவைகள் பக்கமிருந்து ஒரு விஷயம். கூடு கட்டும் காலத்தையும் நீங்கள் பறக்கப் போகும் வாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கழுகு, வல்லூறு இனங்கள் ட்ரோனை எதிரியாக நினைத்துப் பாய்ந்து காலால் அடிக்கும், ட்ரோன் போனால் போகிறது, பறவைக்குக் கால் போய்விடும். 2015இல் வாத்து, பூநாரை, ஒரு கரைப்பறவை ஆகியவற்றின் அருகே ட்ரோனை விதவிதமாகக் கொண்டுபோய்ச் சோதித்த ஓர் ஆய்வு வந்தது. வேகமும் நிறமும் பெரிதாக வித்தியாசம் காட்டவில்லை, நேர் மேலிருந்து செங்குத்தாக இறங்கியபோதுதான் பறவைகள் அதிகம் மிரண்டன. பறவைகள் இருக்கும் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் கிளப்பாதீர்கள் என்பதும் அவர்கள் சொன்னதுதான். ஏதாவது ஒரு பறவை வட்டமிட்டுக் கத்த ஆரம்பித்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள், படம் இன்னொரு நாள் எடுக்கலாம்.

மனிதர்களும்தான். விறகு பொறுக்க, மாடு மேய்க்க வருகிறவர்களுக்குத் தலைக்கு மேலே ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு படம் எடுத்தால் எப்படி இருக்கும்? முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள், ஆள் விழுந்த படத்தை அழித்துவிடுங்கள். எந்தப் புதர் எப்போது வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அது உங்கள் வரைபடத்தில் வராத செய்தி.

#13 வான்கண்

கூடுதேடி சொன்னதோடு அனுமதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர வரம்பு பல நாடுகளில் 120 மீட்டர், காட்டுப்பகுதிக்குத் தனி அனுமதி தேவைப்படலாம். உங்கள் இடத்து விதியைப் படித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு பறங்கள். பறக்கும் நாளில் காற்று வேண்டாம், இலை ஆடினால் படத்தை ஒட்டும்போது புதரின் விளிம்பெல்லாம் குழம்பிவிடும்.

#14 விதைப்பை

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் இன்னும் தொடவில்லை. பிடுங்கிய பிறகு என்ன?

பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை தரும் ஐபிபிஇஎஸ் என்ற சர்வதேச அமைப்பு 2023 செப்டம்பரில் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க 37,000க்கு மேற்பட்ட அயல் இனங்கள் மனிதரால் புதிய இடங்களில் குடியேறியிருக்கின்றன, அவற்றில் 3,500க்கு மேற்பட்டவை தீங்கு செய்பவை என்று அதில் இருக்கிறது (அயல் செடி எல்லாமே எதிரி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்). 2019ஆம் ஆண்டில் அவற்றால் வந்த இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு பெரிய எண்ணைப் படித்தால் நமக்குக் கை கால் ஓடாது. ஆனால் நிலத்தில் நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான், பிடுங்கிய மண்ணில் விதை காத்திருக்கிறது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு கிடக்கும். நிலத்தைத் திறந்துவிட்டதும் வெயில் பட்டு, நாம் விரும்பியது முளைப்பதற்கு முன்னால் களைதான் முளைக்கும்.

அதனால் காட்டோரம், ட்ரோன் வந்தால் பிடுங்கிய இடத்தை ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தில், அதே உயரத்தில், அதே கோட்டில் பறந்து எடுங்கள். முதல் வருடப் படத்துக்கும் மூன்றாம் வருடப் படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஜெயிக்கிறீர்களா என்று சொல்லும். கையளவு நாற்று 60 மீட்டரிலிருந்து தெரியாது, அதற்கு வரிசையாக நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. இடுப்பளவு வளர்ந்து, பழுக்கும் முன் நிற்கும் புதரைத்தான் ட்ரோன் பிடித்துக்கொடுக்கும். அந்த ஒரு பருவத்தில் பிடித்துவிட்டால் போதும்.

#15 காட்டோரம்

இழையைத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது, நடந்ததைச் சொல்ல வந்தேன்.

வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் மல்டிஸ்பெக்ட்ரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கலர் கேமரா ட்ரோன், நிலத்தைப் பின்பற்றிப் பறக்கும் மாடல், எட்டு பேட்டரி. இலையுதிர்வை நடந்தே பார்த்து நோட்டில் எழுதினோம். மரங்கள் மொட்டையாகி உண்ணி பச்சையாக நின்றது மூன்று வாரம்கூட இல்லை. அதில் ஒரு வாரம் காற்று. மீதியில் 30 ஹெக்டேர், நாங்கள் ஏற்கெனவே முடித்த பகுதியும் மேல் ஓடையும், 60 மீட்டரில் பறந்தோம். வேர்க்கால் சொன்ன வெள்ளைத் துணி 40 விரித்தோம், அதில் 26 உண்ணி அல்லாத செடிகளுக்கு.

மென்பொருளை நம்பாமல் முதலில் இரண்டு பேர் திரையில் கண்ணால் பார்த்தே சந்தேகப் புதர்களைக் குறித்தார்கள். 31 இடம். அத்தனைக்கும் நடந்து போய், தண்டைத் தடவி, இலையைக் கசக்கிப் பார்த்தோம். 19 உண்ணி. 12 வேறு செடி, அதில் ஏழு ஒரே இனம், இனிமேல் அதை நாங்கள் மேலிருந்து பார்த்தே ஓரளவு பிரித்துவிடுவோம், அதன் நடுப்பகுதி சற்று வெளிறித் தெரிகிறது. போகிற வழியில் பாறை இடுக்கில் படத்தில் விழாத உண்ணி இரண்டு இருந்தன, அதையும் எழுதி வைத்தோம். ஓடைக்கரையில் எப்போதும் பச்சையாக இருக்கும் பகுதியில் படம் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை, அங்கே பழையபடி நடைதான்.

அந்தப் 19இல் 14, நாங்கள் சுத்தம் என்று நினைத்து இரண்டு வருடமாகக் காலே வைக்காத மேல்முகட்டில் இருந்தன. ஒன்றில் பச்சைக் காய் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் தூரோடு எடுத்துக் கவிழ்த்துவிட்டோம், இரண்டே சனிக்கிழமை.

தரவுத்தச்சன் தம்பிக்குப் படங்களையும், தப்பாகக் குறித்த 12 உட்பட எல்லாப் புள்ளிகளையும் அனுப்பியிருக்கிறேன். மேல் ஓடைக்கு அப்பால் இருக்கும் 20 ஹெக்டேரை அடுத்த இலையுதிர்வில் பறக்க வேண்டும். வான்கண், அங்கே சரிவு இன்னும் செங்குத்து, முகட்டிலிருந்து கிளப்புவதா பக்கவாட்டிலிருந்தா என்று உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது, இடத்தின் படத்தைத் தனிச்செய்தியில் போடுகிறேன்.